எட்டாம் வாய்க்காலில் ஒரு கக்கூஸ்

பரந்தன் கழிய வயல் தொடங்கிவிடும். கரடிப்போக்குச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். மாமி வீடு உருத்திரபுரம் எட்டாம் வாய்க்காலில். விலாசமே வாய்க்கால் இலக்கம்தான். திட்டம் போட்டு ஆட்களைக் கொண்டுவந்து இருத்திய ஊர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் சனம் பெருகி, காணி துண்டுதுண்டாகி, வேலையும் இல்லாமல் போன காலம் அது. அந்த நெருக்கடியைத் தணிக்க 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கினார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இருந்தது. மிச்சம் எல்லாம் காடு. மாமியின் தகப்பனார் குலைப்பன் காய்ச்சலோடுதான் (மலேரியா) காடு வெட்டினாராம்.

இப்போதுள்ள வீடு போருக்குப் பிறகு இந்தியன் வீட்டுத்திட்டத்தில் வந்தது. ஐந்தரை இலட்சம் ரூபா, தவணை தவணையாக. மேசன் பிடிப்பது, மண் ஏற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. காசு போதவில்லை, மாமி தாலிக்கொடியை அடகு வைத்தார்.

ஆனால் எனக்கு அவர் முதலில் காட்டியது விறாந்தையை அல்ல, கக்கூஸை. (ஒல்லாந்தன் விட்டுப்போன சொல். நாங்கள் ஏதோ பச்சைத் தமிழ் என்று கூச்சப்படுகிறோம்.) கிணற்றிலிருந்து எட்ட, வளவின் மற்ற மூலையில் குழி. சுகாதாரப் பரிசோதகர் வந்து தூரம் பார்த்தாராம். உள்ளுக்குக் கொளுக்கி போட்ட கதவு. மாமி அதை இரண்டு தரம் பூட்டித் திறந்து காட்டினார்.

“மெனிக் பாமில விடிய முன்னம் போத்திலோட வரிசையில நிண்டனாங்கள், தம்பி. அதுக்குப் பயந்து பகல்ல தண்ணி குடிக்கிறேல்ல.”

2009இல் செட்டிகுளத்துக் காட்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை அடைத்துவைத்த முகாம் அது. நான் கதையை மாற்ற நினைத்து, லண்டனில் என் வீட்டுக்குக் கிட்ட உள்ள பவுண்டரி எஸ்டேட்டைப் பற்றிச் சொன்னேன். அந்த இடம் முன்பு ஓல்ட் நிக்கல் என்ற சேரி. ஒரு அறைக்குள் ஒரு குடும்பம், முற்றத்துக்கு ஒரு கக்கூஸ். சாவு மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு. 1890ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்தை வைத்து நகரசபை அதை இடித்து, செங்கல்லில் மாடிவீடுகள் கட்டியது. 1900இல் இளவரசர் வந்து திறந்துவைத்தார். இடித்த கல்லும் மண்ணும் நடுவில் மேடாகக் கிடக்கிறது. அதன்மேல் வாத்திய மண்டபம், சுற்றிவர மரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய்க் குந்துவேன்.

“நல்ல வேலைதானே,” என்றார் மாமி.

“5,700 பேருக்கு மேல வெளியேத்தினவங்கள் மாமி. புது வீட்டுக்குத் திரும்பி வந்தது பதினொரு பேர். வாடகை கட்டேலாது.”

மாமி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“மற்றதுகள் எங்க போச்சினம்? கொட்டில் போட்டதுகளோ?”

“பக்கத்துச் சேரியளுக்கு.”

“அங்க கக்கூஸ் இருந்ததோ?”