இளவரசன் போன ஊர்

மார்ச் 27, 2024, புதன்
சான் அன்டோனியோவிலிருந்து வடகிழக்கே ஐ-35 சாலையில் வந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நியூ ப்ரான்ஃபெல்ஸ். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 90,403. சாலையோரம் பார்த்தால் எல்லா டெக்சஸ் ஊரையும்போலத்தான் இருக்கிறது: பெட்ரோல் பங்க், பர்கர் கடை, கார் விற்பனை நிலையம். கடைப்பலகைகளில்தான் ஜெர்மன் பெயர்கள் எட்டிப்பார்க்கின்றன. 1868 முதல் இயங்கும் நெகலின்ஸ் பேக்கரியில் ஆப்பிள் ஸ்ட்ரூடல் வாங்கினேன். ஒரு துண்டு போதுமென்று நினைத்தது என் தப்பு.

மார்ச் 28, வியாழன்
மேட்டின்மேல் சோஃபியன்பர்க் அருங்காட்சியகம். ஊரை நிறுவிய ஜெர்மன் இளவரசர் கார்ல், தனக்கு நிச்சயமாகியிருந்த சோஃபியின் பெயரில் இங்கே கோட்டை கட்ட ஆசைப்பட்டார். அந்த அம்மாள் இந்தப் பக்கமே வரவில்லை. 1845 மார்ச்சில் 1,111 டாலருக்கு நிலம் வாங்கிய கார்ல், மே மாதமே ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் ஊர்ப்பெயரில் இருப்பது ஜெர்மனியில் அவர் குடும்பத்து ஊரான ப்ரான்ஃபெல்ஸ்தான்!

அவரை நம்பி ஜெர்மனியிலிருந்து குடியேறக் கப்பலேறியவர்கள் பட்ட பாடு வேறு. 1846இல் மெக்சிகோ போருக்காக ராணுவம் வண்டிகளை எடுத்துக்கொண்டதால், பின்னால் வந்தவர்கள் கடற்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். நோயில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். இதைப் படித்தபிறகு இளவரசர்மேல் எனக்கு மரியாதை வரவில்லை.

மார்ச் 29, புனித வெள்ளி
முதல் குடியேறிகள் வந்திறங்கிய 1845 மார்ச் 21உம் புனித வெள்ளிதானாம்.

லிண்ட்ஹைமர் வீட்டைப் பார்த்தேன். சின்ன வீடு. செடிகொடி சேகரித்தே பெயரெடுத்த மனிதர். டெக்சஸ் தாவரவியலின் தந்தை என்கிறார்கள். இங்கத்திய சப்பாத்திக்கள்ளி ஒன்றுக்கு அவர் பெயர். 1852இல் தொடங்கிய ஜெர்மன் பத்திரிகைக்கும் அவர்தான் முதல் ஆசிரியர். 1957இல் அந்தப் பத்திரிகை ஆங்கில இதழோடு சேர்ந்துவிட்டது.

இந்த ஊரிலிருந்து ஜெர்மன் மொழி எப்படிப் போனது? முதல் உலகப் போர் வந்தது. 1918இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று டெக்சஸில் சட்டமானது. வீட்டுக்குள் பேச்சு இன்னும் சில தலைமுறை தாங்கியது. ஸ்கங்க் என்ற பிராணியை இங்கத்திய ஜெர்மன்காரர்கள் 'ஸ்டிங்க்காட்ஸ' என்பார்கள், அதாவது நாற்றப்பூனை. கண்ணில் புதிதாகப் பட்டதற்குத் தங்கள் மொழியிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள்! இப்போது அந்த வட்டாரப் பேச்சு முதியவர்கள் சிலரிடம் மட்டும்தான். ஆஸ்டின் பல்கலைக்கழகத்தார் 2001 முதல் அதை ஒலிப்பதிவு செய்து வருகிறார்கள். பேக்கரியில் என் முன்னால் நின்ற பெரியவரிடம் ஜெர்மன் தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. கூச்சத்தில் விட்டுவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு
லாண்டா பூங்கா. ஈஸ்டர் கூட்டம். கார்ல் இந்த இடத்தைப் பிடித்தது இந்த ஊற்றுகளுக்காகத்தான் இருக்க வேண்டும். பாறையடியிலிருந்து கண்ணாடித் தண்ணீர் கொப்பளிக்கிறது; கோடையானாலும் குளிரானாலும் 23 டிகிரிக்குப் பக்கத்தில்தான். இதில் பிறக்கும் கோமால் ஆறு மொத்தமே நாலு கிலோமீட்டர், ஊருக்குள்ளேயே குவாதலூப் ஆற்றில் கலந்துவிடுகிறது.

1956இல் இந்த ஊற்றே நின்றுபோனது. ஐம்பதுகளின் கொடும் வறட்சி, போதாததற்கு அதே நிலத்தடி நீரைச் சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் இறைத்தன. ஏறத்தாழ ஐந்து மாதம் வறண்டு கிடந்ததில் ஊற்றுமீன் ஒன்று இங்கே இல்லாமலே போயிற்று. 1970களில் பக்கத்து சான் மார்கோஸ் ஊற்றிலிருந்து பிடித்துவந்து விட்டார்கள். இரண்டு அங்குலம்கூட வளராத மீன். அரைமணி நேரம் குனிந்து தேடினேன், ஒன்றும் தென்படவில்லை. முழங்கால்தான் நனைந்தது.