சார்ட்டில் ஒரு மீன்முள்

கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்த வருடங்களில் சார்ட்டை, அதாவது கடல் வரைபடத்தை, திருத்துவது என் பொறுப்பு. வாரம் ஒருமுறை மாலுமிகளுக்கான அறிவிப்பு வரும். எங்கே புதிதாக மிதவை போட்டார்கள், எந்த விளக்கு அணைந்தது, எங்கே ஆழம் குறைந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதைப் பார்த்து, மெல்லிய நுனிப் பேனாவால் ஊதா மையில், காகித சார்ட்டில் கையாலேயே குறிக்க வேண்டும். மூழ்கிய கப்பலுக்கென்று ஒரு குறி உண்டு. ஒரு படுக்கைக் கோடு, அதன் குறுக்கே மூன்று சிறு கோடுகள், நடுவில் உள்ளது சற்று நீளம். பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். மேலே போகும் கப்பலுக்கு ஆபத்தென்றால் சுற்றிலும் ஒரு புள்ளி வட்டம்.

தொடக்கத்தில் அவை எனக்கு விலகிப் போக வேண்டிய இடங்கள், அவ்வளவுதான். சில முட்களின் பக்கத்தில் ‘பி.ஏ.’ என்றிருக்கும், இருப்பிடம் உத்தேசம் என்று பொருள். சிலவற்றில் ‘ஈ.டி.’, அப்படி ஒன்று அங்கே கிடக்கிறதா என்பதே சந்தேகம். ஒரு கப்பலும் அதன் ஆட்களும் இருந்தார்களா என்ற சந்தேகம் இரண்டு எழுத்தில் அடங்கிவிடுவதை அன்று நான் யோசித்ததில்லை.

விலகிப் போவது சின்ன வேலையும் இல்லை. 2002 டிசம்பர் 14 அன்று ஆங்கிலக் கால்வாயில் பனிமூட்டத்தில் ‘ட்ரைகலர்’ என்ற கார் ஏற்றும் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி, ஏறக்குறைய 3,000 கார்களோடு மூழ்கியது. எச்சரிக்கை மேல் எச்சரிக்கை கொடுத்தும் இரண்டே நாளில் வேறொரு கப்பல் அதன்மேல் போய் ஏறியது. புத்தாண்டு அன்று இன்னொன்று, அதுவும் எண்ணெய்க் கப்பல். புதிதாக மூழ்கிய கப்பலுக்கு அருகில் நீலமும் மஞ்சளுமாகக் கோடு போட்ட அவசர மிதவை வைக்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

என் பார்வையை மாற்றியது மூழ்காத ஒரு கப்பல். எந்தத் துறைமுகம் என்று சொல்ல வேண்டாம். வெளி நங்கூரத்தளத்தில் முறைக்காகக் காத்திருந்தோம். எங்களுக்கு ஒரு மைல் தள்ளி ஒரு பழைய சரக்குக் கப்பல். பகலில் துரு, இரவில் இருட்டு. நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்கு இருக்க வேண்டிய விளக்குகூடக் கிடையாது. ராடாரில் மட்டும்தான் தெரியும். உரிமையாளர் கைவிட்ட கப்பல் என்றார்கள். மூன்றாம் நாள், கப்பல்கள் அழைப்புக்குப் பயன்படுத்தும் வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனலில் மெலிந்த ஒரு குரல் வந்தது. குடிக்கத் தண்ணீர் இருக்குமா என்று கேட்டது.

கேப்டன் யோசிக்கவே இல்லை. “தம்பி, போட்டை இறக்கு. தண்ணி கேக்கிறவன்கிட்ட நாளைக்குன்னு சொல்லக் கூடாது” என்றார்.

அந்தக் கப்பலில் இரண்டே பேர் மிச்சம். மற்றவர்கள் எப்படியோ ஊர் போய்விட்டார்கள். கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாது என்று துறைமுகம் இவர்களை மட்டும் நிறுத்தி வைத்திருந்தது. சம்பளம் வந்து 14 மாதம். தண்ணீர் கேன்களை ஏற்றிவிட்டு, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குப் போனேன். சார்ட் மேசையில் கடைசிப் பயணத்தின் பென்சில் கோடு நங்கூரத்தளத்தில் வந்து நின்றிருந்தது. பாதைக் கோடு இழுக்கும் பேரலல் ரூலர் அதன்மேல் அப்படியே கிடந்தது. பக்கத்தில் லாக் புக், கப்பலின் அன்றாடப் பதிவேடு. புரட்டினேன். ஒருநாள்கூட விடாமல் எழுதியிருந்தார்கள். ‘நங்கூரத்தில். காற்று தென்மேற்கு. பார்வைத் தூரம் நன்று.’ அடுத்த நாளும் அதேதான், காற்று மட்டும் மேற்கு. என்ஜின் ஓடாத, விளக்கு எரியாத கப்பலில் யாருக்காக எழுதுகிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அதை எழுதுகிறவருடைய பேனாவில் மை தீர்ந்துகொண்டிருந்தது. என் சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அப்போது இவர்களுக்கென்று உறுதியான பாதுகாப்பு இல்லை. 2017 ஜனவரியில்தான் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கைவிடப்படும் மாலுமிகளுக்கு நான்கு மாதச் சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் உரிமையாளர் முன்கூட்டியே நிதி உத்தரவாதம் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஆட்கள் கைவிடப்படுவது இன்னும் நிற்கவில்லை.

அதன்பிறகு மூழ்கிய கப்பல்களைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். தங்கம், பீரங்கி எல்லாம் என் கண்ணில் படாது. வேலை செய்த ஆட்களின் தடயத்தைத்தான் தேடுவேன். 1545இல் மூழ்கிய இங்கிலாந்தின் ‘மேரி ரோஸ்’ கப்பலின் ஒரு பாதி சேற்றில் புதைந்ததால் தப்பியது. 1982இல் மேலே தூக்கினார்கள். கிடைத்த பொருட்கள் 19,000க்கும் மேல். தச்சர்களின் கருவிகள், வைத்தியரின் மருந்துப் பெட்டி, பேன் சீப்புகள்.

என்னை உலுக்கியது ‘வாசா’தான். சுவீடன் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் அவசரப்படுத்திக் கட்டவைத்த போர்க்கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் புறப்பட்டு, ஏறத்தாழ 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு பால்டிக்கின் உப்புக் குறைந்த நீரில் வாழாது; அதனால் 1961இல் ஏறக்குறைய முழுதாக வெளியே வந்தது. உள்ளே நான்கு அளவுகோல்கள் கிடைத்தன. இரண்டில் ஓர் அடிக்கு 12 அங்குலம்; மற்ற இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடி, 11 அங்குலம். ஒரே கப்பலில் தச்சர்கள் வேறு வேறு அடியில் அளந்திருக்கிறார்கள். புறப்படும் முன்பே 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆடியதால், அட்மிரல் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனாலும் பயணம் நிற்கவில்லை. மேலிடம் அவசரப்படும்போது கீழே இருப்பவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதை நானும் பிரிட்ஜில் நின்று பார்த்திருக்கிறேன், நானும் அப்படி இருந்திருக்கிறேன். 300 வருடம் கழித்து அந்த மௌனத்துக்குச் சாட்சியாக ஒரு கப்பலே வந்து நிற்கிறது.

நங்கூரத்தள நிகழ்ச்சிக்கு ஒன்றரை வருடம் கழித்து, வேறொரு கப்பலில், வேறொரு கடலில், அந்த வாரத்து அறிவிப்பைப் பிரித்து வைத்து உட்கார்ந்தேன். நான்காவது திருத்தம் அந்தத் துறைமுகத்தின் வெளி நங்கூரத்தளம். மூழ்கிய கப்பல் ஒன்றைச் சேர்க்கவும் என்றிருந்தது. அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த இருவரும் அதற்குப் பல மாதம் முன்பே ஊர் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டு மனம் ஆறியது. லாக் புக்கை எடுத்துப் போனார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கைப்படி, நீருக்கடியில் 100 ஆண்டாவது கிடந்தால்தான் ஒரு பொருள் பண்பாட்டுச் சொத்தாகக் கணக்கில் வரும். அந்தக் கப்பலுக்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது.

புள்ளி வட்டத்தை முதலில் போட்டேன். பிறகு படுக்கைக் கோடு. குறுக்குக் கோடுகள் மூன்றையும் இழுத்து முடித்ததும் வழக்கமாக உடனே அடுத்த திருத்தத்துக்குப் போய்விடுவேன். அன்று மை காயும்வரை சார்ட்டை மடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.