ஒரு வகுப்பறையை அளந்து பார்த்த ஓராண்டு

காரைக்குடியை அடுத்த ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், ஆறு வகுப்பறைகளையும் நூலக வாசிப்புக்கூடத்தையும் புதுப்பிக்கும் குழுவின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டில், ஏழு அளவுகோல்களில் நான்காவது உட்கட்டமைப்பையும் கற்றல் வளங்களையும் பற்றியது என்பதால், எத்தனை அறைகள், எத்தனை புரொஜெக்டர்கள், எத்தனை இருக்கைகள் என்ற கணக்கெல்லாம் அலுவலகத்தில் ஆயத்தமாக இருந்தது. அந்த இருக்கைகளில் உட்காரும் பிள்ளைகளுக்குப் பாடம் காதில் விழுகிறதா என்பதற்கு மட்டும் எங்களிடம் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, விலைப்புள்ளி கேட்பதற்கு முன்னால் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருப்பது என்று முடிவு செய்தோம். மணிக்கு ஒருமுறை இரண்டு மாணவர்கள் வளாகத்தைச் சுற்றிவந்து, யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்பதை வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்தார்கள். வாசிப்புக்கூடத்தின் மேற்குப் பக்க மேசைகளில் பிற்பகல் 2 மணிக்கு மேல் ஒரு புள்ளியும் விழவில்லை. "ரெண்டு மணிக்கு மேல வெயில் நேரா அடிக்கும், பிள்ளைக அந்தப் பக்கம் உக்கார மாட்டாக ஐயா" என்று நூலக உதவியாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். பத்தாண்டுகளாக அவர் அறிந்திருந்ததை நாங்கள் கேட்கத்தான் இல்லை. புள்ளிகள் குவிந்த இடம் பழைய கட்டடத்தின் கிழக்கு வராந்தா. எங்கள் ஊர் வீடுகளின் வளவில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் நிழல் நகர நகர ஆட்களும் பாயை நகர்த்திக்கொண்டு போவார்களே, அப்படியே மாணவர்களும் வேளைக்கு ஏற்ப இடம் மாறினார்கள்.

வகுப்பறையில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி, "சத்தம் கேக்குது ஐயா, சொல்லுதான் பிரிஞ்சு வர மாட்டேங்குது" என்றாள். முப்பது அடி நீளமும் இருபத்திரண்டு அடி அகலமும் பன்னிரண்டு அடி உயரமும் கொண்ட அறை அது. மேலே கான்கிரீட், சுவரில் வழவழப்பான பூச்சு, தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் வார்க்கப்படுவதால் அந்தக் கல்லுக்கு வரும் மழமழப்பு காலுக்கு இதமானது. ஆனால் ஒலியை அது சிறிதும் உள்வாங்காது. ஆளில்லாத அறையில் கைதட்டி, கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தபோது, ஒலி அடங்க 2 நொடிக்கு மேல் ஆயிற்று. இந்த அளவுள்ள வகுப்பறைக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு 0.6 நொடி.

இந்த இடத்தில் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபைனை நினைக்காமல் இருக்க முடியாது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் பணி அந்த இளம் இயற்பியல் ஆசிரியரிடம் தரப்பட்டது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அளந்தார். ஒலி உள்வாங்கலுக்கு அவர் வைத்த அலகே திறந்த சன்னலின் பரப்புதான். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. இதைப் படித்த பிறகுதான், அதே கல்லும் அதே சுண்ணாம்பும் கொண்ட வளவில் பேச்சு ஏன் கலங்குவதில்லை என்பது எனக்கு விளங்கியது: முற்றம் முழுவதும் திறந்த சன்னல். நாங்களோ புரொஜெக்டருக்காகவும் வெயிலுக்காகவும் இருந்த சன்னல்களையும் அடைத்து வைத்திருந்தோம்.

மெத்தைக்குப் பதிலாக, கல்யாணச் சாமான் வாடகைக் கடையிலிருந்து பன்னிரண்டு ஜமக்காளங்களை எடுத்துவந்து பின்சுவரிலும் பக்கச் சுவரிலும் தொங்கவிட்டோம். முன்னும் பின்னும் ஒரே சோதனை வைத்தோம். பனை–பானை, கலம்–காலம், மலை–மழை போன்ற சொற்களைக் கலந்து இருபது வாசிக்க, மாணவர்கள் கேட்டதை எழுதினார்கள். முதல் நாள் கடைசி வரிசையில் பானை பல தாள்களில் பனையாகியிருந்தது. ஜமக்காளம் தொங்கிய நாளில் அந்தப் பிழை பெரும்பாலும் மறைந்தது. நிர்வாகக் குழுவின் முன் நான் வைத்த மிக வலுவான சான்று அந்த இரண்டு கட்டுத் தாள்கள்தான். அவற்றைப் புரட்டிப் பார்த்த பிறகு, மேற்குச் சன்னல்களைத் திறந்தே வைக்கும்படி வெளியே சாய்ப்பு இறக்கவும், பின்சுவருக்குத் தென்னைநார்ப் பலகை அடிக்கவும் ஒப்புதல் கிடைத்தது.

மேசை நாற்காலிக்கு அதிகம் மெனக்கெடவில்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் இயற்பியல் வகுப்புக்குப் பரவலாக்கிய, ஒன்பது பேர் அமரும் ஏழடி வட்டமேசைகள் எங்கள் அறைக்குப் பொருந்தவில்லை. நால்வர் அமரும் மேசைகளை ஓர் அறையில் மட்டும் போட்டோம்.

ஒரு பருவம் முடிந்ததும் அதே புள்ளிக் கணக்கையும் அதே சொற்சோதனையையும் மறுபடி நடத்தினோம். வேலை முடிந்து திறப்புவிழாவும் ஆனபின் அளப்பதற்கு யாருக்கும் மனம் வராது. நான் வற்புறுத்தியது இந்த ஒன்றைத்தான். சொற்சோதனை நன்றாக வந்தது. சாய்ப்பு இறங்கிய பிறகு வாசிப்புக்கூடத்தின் மேற்கு மேசைகளில் பிற்பகலிலும் புள்ளிகள் விழுந்தன. நால்வர் மேசை அறையிலோ, கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்காரும் பாதிப் பேர் கழுத்தைத் திருப்பியே எழுதுகிறார்கள் என்று கணிதத் துறையினர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த மேசைகளைச் சாய்கோணத்தில் திருப்பிப் போட்டிருக்கிறோம்; அடுத்த பருவத்தில் மீண்டும் அளக்க வேண்டும். கிழக்கு வராந்தாவில் இரண்டு மின் இணைப்புகளும் ஒரு குடிநீர்க் குழாயும் கேட்டு எழுதிய கடிதத்திற்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.