என்னைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தவர்கள்

வாய்க்கால் தண்ணீர் முறை பற்றிய தகராறில், 2007இல், என் கையால் ஓர் உயிர் போனது. ஆயுள் தண்டனை பெற்றுத் திருச்சி மத்தியச் சிறையில் 15 ஆண்டுகள் இருந்துவிட்டு முன்விடுதலையில் வெளியே வந்தேன். இப்போது உள்ளே காத்திருப்பவர்களின் வீட்டாருக்குப் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முன்விடுதலைக்குப் பெயர் பரிசீலனைக்கு வரும்போது நன்னடத்தை அலுவலர் ஊருக்குச் சென்று விசாரிப்பார். வெளியே வந்தால் இவன் எங்கே தங்குவான், யார் பொறுப்பேற்பார்கள், பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு மறுபடியும் பகை மூளுமா என்றெல்லாம் கேட்டு அவர் எழுதும் அறிக்கைக்குப் பெரிய மதிப்பு உண்டு. என் அண்ணன் பொறுப்பேற்க மறுத்துவிட்டார். வழக்குச் செலவுக்காக நிலத்தை விற்றவர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த நேரத்தில், சிறைக்குள் நான்கு ஆண்டுகளாக என்னை வந்து பார்த்துக்கொண்டிருந்த, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கத்தோலிக்கத் தேவாலயப் பங்கு ஒன்றின் சிறைப்பணிக் குழுவினர், கோயில் வளாகத்தில் தங்க இடம் தருவதாகவும் தங்களுக்கு என்னைத் தெரியும் என்றும் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். 1981இல் கேரளத்தில் குருமாணவர்கள் (பாதிரியாராகப் பயில்பவர்கள்) தொடங்கிய சிறைப்பணி இயக்கம், ஆயர்களின் ஆளுகைப் பகுதிகளான மறைமாவட்டங்கள் பலவற்றுக்கும் பரவியிருக்கிறது. நான் இந்து, மதம் மாறும்படி என்னிடம் யாரும் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை.

முதல் மாதம் மாலை 6 மணி ஆனதும், யாரும் சொல்லாமலே, அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். குழுவின் மூத்தவரான ஐயா ஒருவர் தினமும் அந்த நேரம் பார்த்து வந்து கடைத்தெருவுக்கு அழைத்துப் போவார். தேநீர் குடித்துத் திரும்புவோம். அதிகம் பேச மாட்டோம்.

தாள் வேலைதான் நீண்டது. ஆதார் வருவதற்கு முன்பே உள்ளே போனவன் நான். ஆதார் இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்க முடியவில்லை. அம்மாவின் குடும்ப அட்டையில் நீக்கப்பட்டிருந்த என் பெயரையும் சேர்க்க முடியவில்லை. பெரியவர்களுக்குப் புதிதாக ஆதார் பதியும்போது மாநில அரசின் சரிபார்ப்பு முடிய மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே விடுதலைக்கு முன்பே, சிறையில் பதிவு முகாம் நடந்தால், அதிலேயே பதிந்துவிடுங்கள். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். விடுதலைச் சான்றைப் பார்த்ததும் அங்கிருந்தவரின் குரல் மாறியது. “நம்ம கோயில் ஆளுங்க, நான்தான் கூட்டிட்டு வந்தேன்” என்று ஐயா பக்கத்தில் நின்று சொல்லியிராவிட்டால் முதல் நாளே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நான் எங்காவது போயிருப்பேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தண்டனை பெற்றவனுக்கு ஆயுசுக்கும் வாக்கு இல்லை என்றே நினைத்திருந்தேன். சிறையில் இருக்கும் காலத்தில் வாக்களிக்கத்தான் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடை விதிக்கிறது என்பதைக் குழுவினர்தான் சொன்னார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்தேன். பட்டியலில் பெயர் வந்தது.

வேலை விஷயத்தில் குழுவுக்கு ஒரே கட்டுப்பாடு உண்டு: அமர்த்துபவரிடம் முழு உண்மையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இருவர் மறுத்தார்கள். மூன்றாமவர் வாழைத் தோட்டத்தில் இலை அறுக்கச் சேர்த்துக்கொண்டார். சம்பா அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கவும் போகிறேன்.

சிறையில் நான் உழைத்த கூலியில் ஒரு பகுதி, பாதிக்கப்பட்டோருக்கான நிதிக்கென்று பிடிக்கப்பட்டது. அதனால் என் கடன் தீர்ந்ததாக நான் எண்ணவில்லை. வெளியே வந்தவுடன் அந்த வீட்டுக்குப் போய்க் காலில் விழ நினைத்தேன். என் மனம் ஆறுவதற்காக அவர்களுடைய புண்ணைக் கீறக் கூடாது, அவர்கள் கூப்பிட்டால் மட்டுமே போகலாம் என்று பங்குத்தந்தை தடுத்தார். அவர் சொன்னதே சரி. ஐயா அந்த வீட்டாரைப் பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போய்ப் பார்த்துவருகிறார். நான் கேட்டாலன்றி அவர் எதுவும் சொல்வதில்லை. அந்த வீட்டார் என்னை இன்னும் கூப்பிடவில்லை. அம்மாவைப் பார்க்கப் போகும்போது அந்தத் தெருவை விட்டு, ஆற்றங்கரை வழியாகச் சுற்றிப் போகிறேன்.