துப்பாக்கிச் சட்டத்துக்கு ஒரு மனு: களக்காட்டிலிருந்து டெல்லிக்கு

ஆயுதச் சட்டத்தைக் கடுமையாக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்ப நினைப்பவர்கள், கையெழுத்து வாங்க ஊருக்குள் இறங்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் வாங்கிய கையெழுத்தில் பெரும்பகுதி வீணாய்ப் போனது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். வாழைக்குக் காவல் கிடக்கிற ராத்திரிகளில் நாட்டுத் துப்பாக்கிச் சத்தம் கேட்பது இங்கே புதிதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனவன். பன்றி என்று நினைத்து எவனோ சுட்டதில் ஒரு கண் போய்விட்டது. எடுக்க முடியாத பால்ரஸ் குண்டு ஒன்று இன்னும் அவன் தாடையில் தோலுக்கு அடியில் கைக்குத் தட்டுப்படும். அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாது. அப்படி எத்தனை துப்பாக்கி எத்தனை வீட்டுப் பரணில் இருக்கிறது என்று யாரிடமும் கணக்கும் கிடையாது.

முதலில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ரசீது கையோடு கிடைத்தது. பிறகு வந்த பதிலைப் பார்த்தால், 'காட்டுப்பன்றித் தொல்லை குறித்த மனு' என்று தலைப்புப் போட்டு வேறொரு துறைக்கு அனுப்பியிருந்தார்கள். மனுவில் பன்றி என்ற சொல் வந்ததே ஒரு வரியில்தான். அதனால் சொல்கிறேன், 'பொருள்' என்ற இடத்தில் 'லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள்' என்று மட்டும் எழுதுங்கள். மேசையில் இருப்பவர் அதற்குக் கீழே படிப்பார் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் ஓர் அலுவலகத்தில் கேட்டோம். "சட்டம்னா சட்டமன்றந்தானக்கா? எம்.எல்.ஏ.வப் பாருங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர். "வெறும் தாள்ல கையெழுத்து வாங்கிட்டுப் போங்க, போதும்" என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டுமே தப்பு. ஆயுதங்களும் வெடிபொருளும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலில் 5ஆவதாக இருக்கின்றன. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தால்தான் முடியும். பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் தம்பி எடுத்துக் காட்டிய பிறகுதான் இது தெரிந்தது. அதற்குள் ஊரில் பாதி வீடு ஏறி இறங்கியாகிவிட்டது.

என்ன கேட்பது என்பதையும் அந்தத் தம்பியோடு உட்கார்ந்துதான் முடிவு செய்தோம். 2019 திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறை என்றும் ஆக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் 39ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக மாவட்ட நடுவரின், அதாவது கலெக்டரின், முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 42ஆம் பிரிவில் துப்பாக்கிகளைக் கணக்கெடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. 'எடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'எடுக்க வேண்டும்' என்று இல்லை. ஆகவே அனுமதிக்குக் காலக்கெடு, கணக்கெடுப்புக்குக் கட்டாயம், இந்த இரண்டை மட்டும் கேட்டோம். பத்துக் கோரிக்கை எழுதினால் ஒன்றும் மனதில் நிற்காது.

ஊருக்குள் எதிர்ப்பும் இருந்தது. "பன்னி பூராத்தையும் உழுதுட்டுப் போவுது, துப்பாக்கியையும் புடுங்கிட்டா வெவசாயி என்ன செய்வான்?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் சரியாக வர வேண்டும் என்று நானும்தான் கேட்கிறேன். ஆனால் அதற்காக இருட்டில் ஆள் எது, பன்றி எது என்று தெரியாமல் சுடுவதை ஒத்துக்கொள்ள முடியாது. கிராமசபையில் இதைப் பேசித் தீர்மானம் போட்டோம். அது சிக்கலில்லாமல் முடிந்தது.

மனுவை எம்.பி.யிடம் கொண்டுபோனபோதுதான் இடி விழுந்தது. அவருடைய உதவியாளர் மக்களவை விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கையெழுத்து ஒரு தாளுக்கு மேல் போனால், ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையைத் திரும்ப எழுத வேண்டும். பெயரும் முகவரியும் முழுசாக இருக்க வேண்டும். மனுவோடு வேறு எந்தக் காகிதத்தையும் இணைக்கக் கூடாது. நாங்கள் பத்திரிகைச் செய்தி, ஆஸ்பத்திரிச் சீட்டு நகல் எல்லாம் பின் அடித்துக் கொண்டுபோயிருந்தோம். தமிழில் எழுதினால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்ப்பு வேண்டும், அதிலும் மனுதாரர் கையெழுத்துப் போட வேண்டும்.

வெறும் தாளில் வாங்கியதெல்லாம் போச்சு. திரும்ப ஊருக்குள் போனோம். பூட்டியிருந்த வீடுகள், திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டவர்கள், முதல் தடவை போட்டுவிட்டு இப்போது பயந்து பின்வாங்கியவர்கள் என்று நிறைய பேர் விட்டுப்போனார்கள். யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதென்று ஊருக்கே தெரியும், அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, "போட்ட ரேக அழிஞ்சா போச்சி?" என்று கேட்டாள். தாளின் தலையில் இருந்த கோரிக்கையை வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டாள். தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, புகையிலைத் தூள் ஒட்டியிருந்த பெருவிரலைச் சேலையில் நன்றாகத் துடைத்து அழுத்தி வைத்தாள். "இதத்தான் மொதல்லயே வாசிச்சிக் காட்டிருக்கணும்" என்றாள். கோரிக்கை தலையில் இருந்த அந்தத் தாள்களைப் படித்த பிறகு, முதல் தடவை மறுத்த சிலரும் போட்டார்கள். பெரியப்பாவும் போட்டார்.

எம்.பி. மேலொப்பம் இட்டுவிட்டார். இனி அவையில் தாக்கல் ஆக வேண்டும், அதன் பிறகு மக்களவையின் மனுக்கள் குழு பார்க்கும். அதுவரை உதவியாளரிடம் வாரம் தவறாமல் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாதிரி மனு தமிழிலும் ஆங்கிலத்திலும் எங்களிடம் இருக்கிறது. நாங்குநேரிப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் ஏற்கெனவே வாங்கிப் போயிருக்கிறார்கள். வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையில் ஒரு வரியை மாற்றினாலும் எல்லாத் தாளிலும் மாற்றிவிட்டு, அதன் பிறகே கையெழுத்து வாங்குங்கள்.