எல்லைக்கு ஓடிய லொறிகளும் ஒட்டாவாவில் நின்ற லொறிகளும்

2022 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்துக் கனடாவில் நடந்த லொறிப் போராட்டத்தைச் சிலர் சுதந்திரப் போராட்டம் என்கிறார்கள், சிலர் வெறும் காடைத்தனம் என்கிறார்கள். அந்த மாதங்களில் நான் மிசிசாகாவில் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் டிஸ்பாட்ச்சராக இருந்தேன். எந்த லோடை யார் எடுப்பது, எந்தப் பாலத்தால் அமெரிக்காவுக்குள் போவது, திரும்பி வரும்போது வெறும் டிரெய்லரோடு வராமல் எங்கே என்ன ஏற்றுவது என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் கதிரையில் இருந்து பார்த்தவனுக்கு இரண்டு பேச்சுமே பொருந்தவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தடுப்பூசிக்கு நான் எதிரி இல்லை. என் வயதுக்காரருக்கு முறை வந்தவுடனேயே போட்டுக்கொண்டேன், வீட்டில் எல்லாரையும் போட வைத்தேன். அது பல உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லை கடக்கும் ஓட்டுநர்கள் மேல் அரசு வைத்த கட்டாயத்தை அன்றும் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன்.

முதலில் 2020 மார்ச்சைச் சொல்ல வேண்டும். எல்லையை மூடினார்கள், ஆனால் சரக்கு லொறிகளுக்கு மூடவில்லை. ஊரே வீட்டுக்குள் இருந்தபோது எங்கள் ஓட்டுநர்கள் டெக்சாஸின் லரேடோவுக்கும் கலிபோர்னியாவின் சலீனாஸுக்கும் ரீஃபர் எனும் குளிரூட்டிய டிரெய்லர்களோடு போய்க் கீரையும் தக்காளியும் கொண்டுவந்தார்கள். அப்போது ஊசியும் இல்லை, ஒழுங்கான முகக்கவசமும் இல்லை. உணவகங்கள் உள்ளே இருந்து சாப்பிடும் பகுதியை மூடிவிட்டன. வாகன ஜன்னலில் மட்டும்தான் விற்பனை. 53 அடி டிரெய்லரோடு அந்த வளைவுக்குள் போக முடியுமா? நடந்து போனால் தர மாட்டோம் என்றார்கள். சரக்கை இறக்கும் கிடங்குகள் சிலவற்றில் கழிப்பறைக்கும் விடவில்லை. ஓட்டுநர்கள் வழியில் இருந்து எனக்கு எடுத்து, 'எங்கே கழிப்பறை திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கோ' என்று கேட்டார்கள். லோட் விபரத்தோடு அதையும் சேர்த்து அனுப்புவது என் வேலையாகிவிட்டது. அதே வாரங்களில் பிரதமர் ட்ரூடோ ஓட்டுநர்களுக்கு நன்றி சொன்னார், தெருவோரங்களில் பலகை வைத்து அவர்களை வீரர்கள் என்றார்கள்.

எங்களோடு ஓடிய ஒரு அண்ணையைப் பற்றிச் சொல்கிறேன். கிளிநொச்சிக்காரர், வயது அறுபதை நெருங்குகிறது. சொந்தமாக ஒரு டிராக்டர், அதாவது டிரெய்லரை இழுக்கும் லொறியின் முன்பகுதி, வாங்கி, அதற்கு மாதக் கடன் கட்டிக்கொண்டு எங்கள் கம்பெனியின் டிரெய்லரை இழுத்தவர். பல வருடம் முன்னால் அவருக்குக் காலில் இரத்தக் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுபவர்களுக்கு அது வரக்கூடிய வருத்தம்தான். 2021 ஏப்ரலில் ஒன்ராறியோவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மருந்துக் கடைகளில் அஸ்ட்ராசெனக்கா போட்டார்கள். 'முதலில் கிடைக்கிற ஊசியே நல்ல ஊசி' என்பதுதான் அப்போது அரசு சொன்ன வாசகம். மே மாதத் தொடக்கத்தில் தடுப்பூசிகளுக்கான தேசிய ஆலோசனைக் குழு வேறு வகை ஊசிகளே விரும்பத்தக்கவை என்றது. மே 11 அன்று, இரத்தக் கட்டி அபாயத்தால், அஸ்ட்ராசெனக்கா முதல் ஊசி போடுவதையே ஒன்ராறியோ நிறுத்திவிட்டது. காலில் கட்டி வந்த மனிதர் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

குழு சொன்ன அந்த வேறு வகை ஊசிகளில் அந்தப் பிரச்சினை இல்லை என்று நான் சொன்னேன். அவருடைய குடும்ப வைத்தியரும் சொன்னார், ஆனால் போனில், சில நிமிடங்களில். 'எழுதித் தாங்கோ டொக்டர்' என்று இவர் கேட்டிருக்கிறார். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. மருத்துவ விலக்கு கேட்கவும் வழியில்லை, முதல் ஊசிக்கே கடுமையான ஒவ்வாமை போன்ற ஓரிரு காரணங்களுக்கு மட்டும்தான் அது. அவர் சதிக் கதைகளை நம்புகிறவர் இல்லை. பயந்த மனிதர். அவரோடு அரை மணி நேரம் முகம் பார்த்துத் தமிழில் பேச ஒரு தாதியை அனுப்பியிருந்தால் போட்டிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கட்டாயம் வந்த விதம் அரசியலோடு பின்னிக்கிடந்தது. 2021 ஆகஸ்ட் 13 அன்று மத்திய அரசு ஊழியர்களுக்கும் விமானம், ரயில் போன்ற துறைகளுக்கும் தடுப்பூசி கட்டாயமாகும் என்று அறிவித்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று தேர்தலை அறிவித்தார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு நாள். பிரசாரம் முழுக்க ஊசி போட்டவர், போடாதவர் என்று நாட்டை இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள். செப்டெம்பர் 20 தேர்தலில் லிபரல் கட்சிக்கு 160 ஆசனங்கள். வாக்கு வீதத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியை விடக் குறைவு, 33 வீதம்கூட இல்லை. அந்த மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு ஒருவருடைய உடம்பைப் பற்றிய முடிவை எடுக்கும்போது இன்னும் நிதானம் வேண்டாமா? எதிர்க்கட்சியும் இதில் ஒழுங்காக நடக்கவில்லை. ஊசி போடுங்கள், ஆனால் கட்டாயம் வேண்டாம் என்று பேசிய எரின் ஓ'டூலை, போராட்டம் நடந்துகொண்டிருந்த 2022 பெப்ரவரி 2 அன்று அவருடைய எம்.பி.க்களே தலைமையில் இருந்து இறக்கினார்கள்.

ஓட்டுநர்களுக்கான அறிவிப்பு நவம்பர் 19இல் வந்தது. ஜனவரி 15 முதல் ஊசி போடாத கனடிய ஓட்டுநர் எல்லை கடந்து திரும்பி வந்தால் பரிசோதனை, 14 நாள் தனிமைப்படுத்தல். வாரத்துக்கு ஒரு தடவை எல்லை கடப்பவருக்கு இதன் அர்த்தம் வேலை போயிற்று என்பதுதான். ஜனவரி 22 முதல் அமெரிக்காவும் ஊசி போடாத வெளிநாட்டு ஓட்டுநர்களை உள்ளே விடவில்லை. அந்த இடைவெளியில் ஒமிக்ரோன் வந்துவிட்டது. ஊசி போட்டவர்களுக்கும் தொற்றியது. எங்கள் அலுவலகத்திலேயே எல்லாரும் ஊசி போட்டவர்கள், வரிசையாகப் படுத்தோம். ஊசி கடும் நோயில் இருந்து காப்பாற்றியது, சரி. ஆனால் பரவலைத் தடுக்கத்தான் இந்தக் கட்டாயம் என்ற வாதம் அந்த ஜனவரியில் மிகவும் பலவீனமாகிவிட்டிருந்தது. வண்டிக்குள் தனியாக இருந்து தனியாகத் தூங்கும் மனிதரிடம் போய் அதை அமுல்படுத்தினார்கள்.

ஜனவரி 12 இரவை மறக்க மாட்டேன். அன்று மாலை எல்லைச் சேவைகள் முகமையில் இருந்து ஒரு செய்தி வந்தது: ஊசி போடாத கனடிய ஓட்டுநர்களுக்குத் தனிமைப்படுத்தல் இருக்காது. உடனே அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். அமெரிக்க விதி வரும் வரைக்குமாவது ஓடலாம் என்று லரேடோ லோட் ஒன்றை அவர் பெயரில் போட்டு வைத்தேன். மறுநாள் பிற்பகல் அரசு சொன்னது, அந்தச் செய்தி தவறுதலாக வெளிவந்தது, கட்டாயம் அப்படியே இருக்கிறது. விதி நடைமுறைக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது! லோடைக் கழற்றிவிட்டு அவருக்குத் திரும்ப எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, ரெண்டு வருசமா நான் போய்ப் போய் வந்தனான். அப்ப ஒருத்தரும் என்னைத் தனிமைப்படுத்தேல்லையே. இப்ப மட்டும் நான் என்ன செய்தனான்?"

என்னிடம் பதில் இல்லை. அரசிடமும் இருக்கவில்லை.

அடுத்த வாரத்தில் மேற்கில் இருந்து வாகன அணி புறப்பட்டது. அது தலைநகர் ஒட்டாவாவுக்கு வந்து சேருவதற்கு முன்பே, அவர்கள் ஏற்கத்தகாத கருத்துகள் கொண்ட ஒரு சிறு விளிம்புக் கூட்டம் என்று ட்ரூடோ சொல்லிவிட்டார். எங்கள் ஓட்டுநர் அறையில் தொலைக்காட்சியில் அது போனபோது அண்ணை அங்கேதான் இருந்தார். அவர் கனடியக் கொடி பிடித்து நடந்தவரும் இல்லை, ஹோர்ன் அடித்தவரும் இல்லை. ஆனால் அந்தச் சொல் தன்னையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டார். ஓட்டுநர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே ஊசி போட்டவர்கள். மிச்சம் இருந்தவர்களோடு பேசுவதற்குப் பதிலாக ஒரு பிரதமர் இப்படிப் பேசினால் அவர்கள் எங்கே போவார்கள்?

போராடியவர்கள் செய்ததையும் நான் ஏற்க மாட்டேன். ஒட்டாவாவின் மையத்தில் குடியிருந்த மக்களுக்கு இரவும் பகலும் ஹோர்ன் சத்தம், நீதிமன்றம் தடை போடும் வரைக்கும். கூட்டத்துக்குள் நாசிச் சின்னம் போட்ட கொடி தெரிந்தது. எங்கள் கம்பெனியில் பாதிக்கு மேல் பஞ்சாபிகள், ரொறன்ரோவைச் சுற்றி லொறி ஓட்டுபவர்களில் அவர்கள் பங்கு மிகப் பெரியது. ஊசி போட்டுக்கொண்டு வேலையில் நின்றவர்கள். 'ஓட்டுநர்களின் குரல்' என்று தொலைக்காட்சி காட்டிய கூட்டத்தில் தங்கள் முகமே இல்லை என்று அவர்கள் சொன்னது உண்மை. அவர்களுக்கு இருந்த பிரச்சினைகள் வேறு. வேலைக்கு எடுத்துவிட்டு, நீயே ஒரு கம்பெனி பதிந்துகொள் என்று சொல்லி விடுமுறைச் சம்பளம், காப்புறுதி, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாவற்றையும் முதலாளி தட்டிக் கழிக்கும் வழக்கம். அதை இங்கே 'டிரைவர் இன்க்' என்பார்கள். அதைப் பற்றி அந்தப் போராட்ட மேடையில் யாரும் பேசினதாக நான் கேட்கவில்லை.

பெப்ரவரி 7 அன்று விண்ட்ஸரில் அம்பாசடர் பாலத்தை மறித்தார்கள். கனடா-அமெரிக்க சரக்கு வர்த்தகத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அப்போது அந்தப் பாலத்தால் போனது. வாகன உதிரிப்பாகம் ஏற்றிய எங்கள் லொறிகளை சார்னியாவின் புளூ வோட்டர் பாலத்துக்குத் திருப்பினேன். எல்லாக் கம்பெனிகளும் அதையே செய்தன. மணிக்கணக்கில் வரிசை. மைலுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் ஓட்டுநருக்கு நின்ற வண்டியில் என்ன கிடைக்கும்? ஓட்டுநர்களின் பெயரில் நடந்த மறியலில் அந்த வாரம் அதிகம் இழந்தவர்களும் ஓட்டுநர்கள்தான். ஒரு வாரம் கழித்துத்தான் பாலம் திறந்தது.

பெப்ரவரி 14 அன்று அவசரகாலச் சட்டம். 1988இல் இயற்றிய சட்டம், அதுவரை ஒருமுறைகூடப் பாவிக்கப்படாதது. 200க்கும் மேற்பட்ட வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன, நீதிமன்ற உத்தரவு இல்லாமலே. இலங்கையில் இருந்து வந்த எங்களுக்கு 'அவசரகாலம்' என்ற அறிவிப்பு என்ன செய்யும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 1983 தொடங்கி 2011 வரைக்கும் அநேகமாக அதற்குள்ளேயே வாழ்ந்த நாடு அது. வவுனியாவில் பாஸ் எனும் பயண அனுமதிக்காகக் கால்கடுக்க நின்றவர்கள் எங்களில் எத்தனை பேர். வன்னியை விட்டு வெளியே வர விடுதலைப் புலிகள் இயக்கத்திடமும் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. கனடாவை அதோடு ஒப்பிட மாட்டேன். இங்கே அந்தச் சட்டத்தை ஒன்பது நாளில் திரும்பப் பெற்றார்கள், விசாரணைக் குழு வைத்தார்கள், பிரதமரே சாட்சி சொன்னார். இருந்தாலும், எல்லையில் காட்ட வேண்டிய, தடுப்பூசி விபரம் கேட்கும் செயலியைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, "இது இல்லாட்டிப் போகேலாது எண்டால் இதுவும் பாஸ்தானே" என்று அண்ணை கேட்டபோது எனக்கு மறுக்க வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் பதிவில் இருக்கிறது. 2023 பெப்ரவரியில் நீதிபதி ரூலோவின் குழு, பொலிசும் அரசுகளும் தவறிய இடங்களை விரிவாக எழுதிவிட்டு, சட்டத்தைக் கொண்டுவரத் தேவையான வரம்பு எட்டப்பட்டது என்றது. 2024 ஜனவரியில் மத்திய நீதிமன்ற நீதிபதி மோஸ்லி, அது நியாயமற்றது, உரிமைச் சாசனத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார், அரசு மேன்முறையீடு செய்தது. என் மனதில் நிற்பவர் ஜோயல் லைட்பவுண்ட் என்ற லிபரல் எம்.பி. மறியல் நடந்துகொண்டிருந்தபோதே, தன் அரசு பெருந்தொற்றை அரசியலாக்குகிறது, மக்களைப் பிரிக்கிறது என்று 2022 பெப்ரவரி 8 அன்று வெளிப்படையாகச் சொன்னார். ஆளும் கட்சிக்குள் இருந்து அதைச் சொல்லத் துணிவு வேண்டும். இரண்டு தரப்பிலும் இன்னும் நாலு பேர் அப்படிப் பேசியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

அண்ணைக்கு மொன்றியல் லோட்களும், பிராம்ப்டன் ரயில் முற்றத்தில் இருந்து கொண்டெய்னர் இழுக்கும் வேலையும் கொடுத்துப் பார்த்தேன். எல்லை ஓட்டத்தில் வந்த காசு அதில் வரவில்லை. அந்தக் கோடையில் டிராக்டரை விற்றுக் கடனை அடைத்தார். கனடா தன் விதியை 2022 அக்டோபர் 1 அன்று எடுத்தது, அமெரிக்கா 2023 மே மாதம் வரை வைத்திருந்தது. அதற்குப் பிறகு அவர் திரும்பவும் லரேடோவுக்கு ஓடினார், ஆனால் கம்பெனி லொறியில், சம்பள ஓட்டுநராக. ஊசி இன்றுவரை போடவில்லை.

2025 ஏப்ரல் 28 தேர்தலுக்கு முன் பேச்செல்லாம் டிரம்பின் சுங்கவரியாக இருந்தது. உதிரிப்பாக லோட்கள் குறைந்து, எங்கள் முற்றத்தில் லொறிகள் நின்றுகொண்டிருந்தன. மறுபடியும் எல்லைதான், மறுபடியும் அதே ஓட்டுநர்கள்தான். அண்ணை வாக்குப் போடப் போகவில்லை. 'ஆர் வந்தால் என்ன தம்பி' என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் போனேன். அதற்கு முன், வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்த இளம்பெண்ணிடம் டிரைவர் இன்க் பற்றியும், எல்லையில் ஒரு விதி மாறுவதற்கு முன் ஓட்டுநர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் வழி ஏதாவது உங்கள் கட்சியிடம் இருக்கிறதா என்றும் கேட்டேன். தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னாள், என் கேள்வியைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அடுத்து வந்த மற்றக் கட்சிக்காரரிடமும் அதையே கேட்டேன்.