இரவுப் பணி நாட்களின் மாலை

இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியரின் வீட்டில், விளக்கு வைக்கும் நேரத்தோடு பிள்ளைகளின் பொறுப்பு கைமாறிவிடுகிறது. என் மனைவி அரசு மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறாள். தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டில் பேறுகால விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தியிருந்ததால், மகனுக்கு ஒரு வயது நெருங்கும்வரை அவளால் வீட்டில் இருக்க முடிந்தது. விடுப்பு முடிந்து இரவுப் பணி மீண்டும் தொடங்கியபின், மாலை முதல் மறுநாள் காலை வரை நாலரை வயது மகளும் நடக்கப் பழகும் மகனும் என் பொறுப்பு. பாட்டாவும் பாட்டியும் குலசேகரத்தில் இருக்கிறார்கள். அழைத்தால் வந்துவிடுவார்கள் என்றாலும், பால்வெட்டு நடக்கும் நாட்களில் விடியும் முன்பே எழுந்து ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டியவர்களை நாகர்கோவிலுக்கு வரச்சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அவள் கிளம்பும் முறையில்தான் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு. “பிள்ளை காணாம போயிரு மக்களே” என்பது என் அம்மை அவளுக்குச் சொல்லும் புத்திமதி. மறைந்து போனால் அப்போதைக்கு அழுகை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் தாயைப் பிரிய அஞ்சும் வயது இது. ஒருமுறை அப்படிக் காணாமற்போனால், அடுத்த நாள் அவள் குளியலறைக்குள் போனாலும் அவன் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பான். ஆகவே சொல்லிவிட்டே போகிறாள். அவனும் அழுகிறான். நான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து, வடசேரிக்குப் போகும் பேருந்துகளைக் காட்டித் திரும்புவதற்குள் அழுகை தேய்ந்துவிடும்.

குளிப்பாட்டுவதில் மட்டும் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. இந்த வயதுக் குழந்தை வாளியைப் பிடித்து எழுந்து தலைகுப்புற விழுந்தால், அடியில் நாலு விரல் தண்ணீர் கிடந்தாலே ஆபத்து. தலையை நிமிர்த்தி வெளியே வரும் பலம் அதற்கு இருக்காது. குளியல் முடிந்ததும் முதல் வேலை வாளியைக் கவிழ்ப்பது, அதற்குப் பிறகுதான் துவர்த்து எனும் துண்டை எடுத்துத் துடைப்பது. இடையில் கைப்பேசி மணி அடித்தால் எடுப்பதில்லை. மகளைக் குளியலறை வாசலில் பலகையில் இருத்தி, பள்ளியில் அன்று யார் யாரைக் கிள்ளினார்கள் என்ற செய்திகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிடுவேன்; குரல் கேட்கும்வரை அவள் எங்கே போனாள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

சாப்பாட்டில் பெரிய சிக்கல் மீன். மனைவி சாளைக் கறி வைத்துவிட்டுப் போயிருந்தால் வீடே மணக்கும், மகளும் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவிவிடலாம். சதைக்குள் மயிரிழையாகக் கிடக்கும் சிறுமுட்களை விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு கையும் நல்ல வெளிச்சமும் தேவை. மடியிலிருக்கும் மகன் ஒரு கையைப் பிடித்துக்கொள்வான். ஐப்பசி மழை வலுத்தால் வெளிச்சமும் போய்விடும். அதனால் இரவுக்குக் கஞ்சியும் சிறுபயறும் என்று நானாக முடிவுசெய்தேன். பயறை உப்பில்லாமல் வேகவைத்து, மகனுக்குரியதை முதலில் எடுத்து மசித்துவிட்டு, மீதியில் தேங்காயும் சீரகமும் பூண்டும் அரைத்துச் சேர்த்தால் மகளுக்கும் எனக்கும் ஆயிற்று. சின்னவன் கஞ்சியைத் துப்பினால் மட்டிப்பழம் இருக்கிறது. கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கிடைக்கும் முன்பே இந்த மாவட்டத்துத் தாய்மார் அதைப் பிள்ளைகளுக்கு மசித்து ஊட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் யோசிப்பது மகளைப் பற்றித்தான். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது சின்னவனுடைய தேவை எப்போதும் அவசரமானதாகவே இருக்கிறது: ஈரத்துணி, பசி, தூக்கம், கட்டிலின் விளிம்பு. பெரியவளுடையது ஒருநாளும் அவசரமாக இருப்பதில்லை; அவள் ஒரு யானை வரைந்திருப்பாள், அவ்வளவுதான். அதைப் பார்ப்பது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். விவரமான பிள்ளை, தம்பிக்காகக் காத்திருக்கிறாள் என்று எல்லோரும் அவளைப் புகழ்கிறார்கள். நாலரை வயதுக் குழந்தையிடம் அவள் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் நயமான வழி அந்தப் புகழ்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. (புகழ் எனக்கும் கிடைக்கிறது. “ஒத்தைக்குக் கெடந்து பாடுபடுதாரு, பாவம்” என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இரவெல்லாம் கண்விழித்து வந்து, பகலில் அதே மகனை வைத்துக்கொண்டு தூங்க முயலும் என் மனைவிக்கு இந்தப் பாவம் கிடைத்து நான் கேட்டதில்லை.)

ஆகவே சின்னவன் உறங்கியதும் மகளையும் உறங்கு என்று விரட்டுவதில்லை. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது; ஒன்பதுக்கு உறங்கி ஏழுக்கு எழும் இவள் அதன் கீழ்வரம்பில்தான் நிற்கிறாள். இருந்தாலும் உறங்கும் முன் அவளுக்கென்று இருக்கும் அந்த அரைமணி நேரத்தில் கைவைக்க எனக்கு விருப்பமில்லை. முதலில் யானையைப் பார்க்கிறேன். பிறகு கதை. இப்போது அவள் கேட்பது மாத்தூர் தொட்டிப்பாலத்தை மட்டும்தான். 1966-இல் கட்டிய அந்தப் பாலத்தின் மேல் தொட்டிக்குள்ளே கால்வாய்த் தண்ணீர் போகிறது, பக்கத்தில் ஆட்கள் நடக்கிறார்கள், வெகு ஆழத்தில் பறளியாறு தன்பாட்டுக்கு ஓடுகிறது. கீழே ஆறு ஒரு பக்கமாக ஓடும்போது மேலே தண்ணீர் வேறு பக்கமாக எப்படிப் போகும் என்பது அவளுடைய தீராத சந்தேகம். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குச் சிறிய சரிவு வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று நான் கையைச் சாய்த்துக் காட்டுகிறேன். அதன் 28 தூண்களையும் எண்ணி முடித்தால்தான் கதை முடியும். இருபது வரை ஒழுங்காக வருவாள், அதற்குமேல் எண்கள் இடம் மாறிவிடும்; நான் திருத்துவதில்லை.

வார்டில் சற்று ஓய்ந்ததும் மனைவி அழைப்பாள். சின்னவன் என்ன சாப்பிட்டான், உடம்பு சூடு இருக்கிறதா என்று கேட்டு முடித்தபின், மகள் விழித்திருந்தால் கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிடுவேன். நேற்று கிடைத்த வாய்ப்பில், அம்மா வைத்த மீனை அப்பா தரவே இல்லை என்று அவள் புகார் கொடுத்தாள். விசாரணை காலையில் நடந்தது. இரவுப் பணி உள்ள வாரத்தில் சாளையைப் பகலிலேயே தீர்த்துவிடுவது, இரவுக்குப் பயறு, அம்மா கிளம்பும் முன் முள் எடுத்த இரண்டு துண்டு மகளுக்கென்று தனியே மூடிவைக்கப்படும் என்று முடிவாகியிருக்கிறது.